முந்நூறு மீட்டர் கடிகாரமும் ஆட்சேபணை இல்லாத மாமனாரும்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், ஃப்ரிட்ஜும், வரவேற்பறை மின்விசிறியும் சௌக்கியம். மின்விசிறி மட்டும் மூன்றாம் எண்ணில் வைத்தால் கொஞ்சம் முனகுகிறது, இரண்டில் வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். அவ்விடம் தாங்களும், என் மகளும், பேரன் குட்டியும், தங்கள் அத்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போனில் என் குரல் கேட்டதும் குட்டி அதைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறான். போன வாரம் இருபது நிமிஷம் அவனுடைய மேலண்ணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அண்ணம் நன்றாக இருக்கிறது. கடைவாய்ப் பல் ஒன்று வரப்போகிறது, சொல்லிவிடவும்.

முதலில் தங்கள் கேள்விக்குப் பதில். குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதத்துக்கென்று வந்த அத்தை பதினேழு மாதமாக அங்கே இருப்பதையும், என் மகள் மறுபடி வேலைக்குப் போகப்போவதால் இன்னும் ஒரு வருஷம் அத்தை அங்கேயே இருந்தால் பேருதவியாக இருக்கும் என்பதையும், மாமாவுக்கு ஆட்சேபணை இருந்தால் தயங்காமல் எழுதவும் என்பதையும் ரொம்ப மரியாதையாகத் தெரிவித்திருந்தீர்கள். எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ஒரு வருஷம் என்ன, தாராளமாக இருக்கட்டும். எனக்கு இங்கே பொழுது போவதே தெரியவில்லை. காலையில் எழுந்தால் ஒரு வேலை மாற்றி ஒரு வேலை.

இரண்டாவது, அந்தக் கைக்கடிகார விவகாரம். வங்கிக் கணக்கு எங்கள் இருவர் பேரிலும் இருப்பதால் பணம் எடுத்தால் குறுஞ்செய்தி தங்கள் அத்தையின் போனுக்குப் போகும் என்பதை நான் மறந்துவிட்டேன். கடையை விட்டு வெளியே வருவதற்குள் போன் வந்துவிட்டது. "யாரோ நம்ம பணத்தத் திருடிட்டாங்க, பேங்குக்கு ஓடுங்க!" என்றாள். "யாரும் திருடல, நான்தான் வாட்ச் வாங்கினேன்" என்றேன். "வாட்ச் வாங்கினீங்களா, கடையையே வாங்கிட்டீங்களா?" என்றாள். அன்றோடு சரி. இருபத்தாறு நாளாக என்ன கேட்டாலும் "ம்" மட்டும்தான். வீடியோவில் கூப்பிட்டால் குட்டியைக் காட்டுகிறாள், பின்னணியில் ஒரு தோளும் அரை வளையலும் தெரிகின்றன, முகம் வருவதில்லை. ஆகையால் நடந்ததைத் தங்களுக்கு முழுசாக எழுதுகிறேன். தாங்கள் படித்து, பக்குவமாக, அவள் காலைக் காப்பி குடித்த பிறகு எடுத்துச் சொல்ல வேண்டும்.

நம் வீடு மேல்மாடி என்பது தங்களுக்குத் தெரியும், மத்தியானம் இரண்டு மணிக்கு வரவேற்பறையில் உட்கார முடியாது. அதனால் வெயிலுக்கு ஒதுங்க, புதிதாகத் திறந்திருக்கும் வணிக வளாகத்துக்கு நடந்துபோனேன். அங்கே ஏ.சி. இருக்கிறது, உட்கார இடம்தான் கிடையாது. உட்கார வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கடைக்குள் போக வேண்டும், எவனோ யோசித்துத்தான் கட்டியிருக்கிறான். தரைத்தளத்தில் ஒரு கைக்கடிகாரக் கடை. கடை என்றால் கல்யாண மண்டபம் அளவு அறையில் மொத்தமே பதினெட்டு கடிகாரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு, தனி மெத்தை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டுப் போட்ட ஒரு பெண் கதவைத் திறந்து, "வாங்க சார், உள்ள உக்காந்து பாருங்க" என்றாள். அந்த "உக்காந்து" என்ற வார்த்தைதான் என்னை உள்ளே இழுத்தது. தண்ணீர் கொடுத்தாள். பெரிய கடிகாரம் ஒன்றை எடுத்து வந்து, என் கையைப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி மாட்டிவிட்டாள். மாப்பிள்ளை, முப்பத்துநான்கு வருஷம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் நான்தான் மற்றவர்கள் கையைப் பிடித்துத் தட்டின் மேல் திருப்பித் திருப்பி வைத்திருக்கிறேன். என் கையை இன்னொருவர் பிடித்துத் திருப்பி எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், விட்டுவிட்டேன்.

"இது கடலுக்குள்ள டைவ் அடிக்கிறவங்களுக்குன்னு செஞ்சது சார், முந்நூறு மீட்டர் ஆழம் வரைக்கும் தாங்கும். சார் டைவிங் போவீங்களா?" என்று கேட்டாள். "எப்பவாவது" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இதுவரை தெரியவில்லை. குளியலறை வாளியைத் தவிர வேறு எந்த நீர்நிலையோடும் எனக்குத் தொடர்பு கிடையாது, மழைக் குட்டையைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறவன் நான், இதற்குத் தங்கள் அத்தையே சாட்சி. ஆனால் சொன்னது சொன்னதுதான். முக்கால் மணி நேரம் பேசினோம். மறுநாளும் போனேன், பட்டையின் நிறம் பார்க்க. மூன்றாம் நாளும் போனேன். "தண்ணிக்குள்ள தனியா போனா பயமா இருக்காதா சார்?" என்றாள். "முதல்ல இருக்கும், அப்புறம் பழகிடும்" என்றேன். "மீனெல்லாம் பக்கத்துல வருமா?" "வரும். ஆனா ஒண்ணும் பேசாது" என்றேன். அந்தப் பெண் அப்படிச் சிரித்தாள். என் பேச்சுக்கு ஒருவர் சிரித்துக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்ததால் நான் இன்னும் இரண்டு மீன் சேர்த்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மேலாளர் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். "சார் இன்னும் முடிவு பண்ணலையா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, கண்ணை அந்தப் பெண் பக்கம் திருப்பினார். பெண்ணின் முகம் சுருங்கிப்போயிற்று. நான்கு நாள் என்னோடு பேசிக்கொண்டிருந்ததற்காக அவளுக்குத் திட்டு விழுவதா? அட்டையை எடுத்து நீட்டிவிட்டேன். தொகையை இங்கே எழுதவில்லை, அத்தையின் போனில் இருக்கிறது. ஆகவே இது ஆடம்பரம் அல்ல, ஊதாரித்தனம் அல்ல, ஒரு மரியாதைக்காக வாங்கியது என்பதைத் தாங்கள் அவளுக்குப் புரிய வைக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு என் மகளைவிட நான்கு வயதாவது குறைவு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வாங்கியாயிற்று, இனி அதன் பெருமையைக் கேளுங்கள். எடை என்றால் எடை, மாட்டிக்கொண்டு நடந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. முகப்பைச் சுற்றி ஒரு வளையம், அது ஒரு பக்கமாகத்தான் சுற்றும். தண்ணீருக்குள் போனவர் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்ப்பதற்காம். நான் முட்டை வேகவைக்கப் பயன்படுத்துகிறேன். முந்நூறு மீட்டர் தாங்குமா என்று சோதிக்க வாளியில் தண்ணீர் பிடித்து முழங்கை வரை கையை விட்டு ஒரு மணைக்கட்டையில் உட்கார்ந்திருந்தேன். கேஸ் போட வந்தவர் திறந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன சார், கை சுட்டுக்கிச்சா?" என்று பதறி, தானே போய்ப் பற்பசை எடுத்துவந்து தடவப் பார்த்தார். இருட்டில் முள் பச்சையாக ஒளிரும் என்றார்கள். நம் வீட்டில் பகலில் இருட்டு ஏது? தங்கள் அத்தையின் துணி அலமாரியைத் திறந்து தலையையும் கையையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒளிர்ந்தது. கொஞ்ச நேரம் அதிகமாகவே உள்ளே இருந்துவிட்டேன், முள்ளைப் பார்க்கத்தான்.

மூன்றாம் நாள் காலையில் பார்க்கிறேன், கடிகாரம் நாலேகாலில் நிற்கிறது. சரி செய்து மாட்டினேன். இரண்டு நாளில் மறுபடி நின்றது. விற்றவர்கள் சொன்ன பழுதுபார்க்கும் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய ஒரு மனிதர், சிரித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் போல முகம். வாங்கி மூன்று நாள் வைத்துக்கொண்டார். அவரிடம் ஒரு பெட்டி இருக்கிறது, அது கடிகாரத்தைத் தலைகீழாகவும் நேராகவும் சுற்றிக்கொண்டே இருக்கும். "பிரமாதமா ஓடுது சார்" என்று திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தேன், நின்றது. மறுபடி போனேன். "ஓடுது சார்." மறுபடி வந்தேன். நின்றது. மூன்றாம் தடவை மேசையைத் தட்டிக் கேட்டேன், "என்னய்யா, உங்கிட்ட இருந்தா ஓடுது, எங்கிட்ட வந்தா நிக்குது? நான் என்ன அதக் கெட்ட வார்த்தையில திட்டினேனா?" என்று.

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "சார், இதுக்கு பேட்டரி கிடையாது. உள்ள ஒரு அரைவட்டத் தகடு இருக்கு. நீங்க கைய அசைச்சா அது சுத்தும், அது சுத்தினா வில்லு முறுக்கேறும், வாட்ச் ஓடும். கடையில சொல்லலையா?" சொல்லித்தான் இருக்கிறாள் மாப்பிள்ளை. முதல் நாளே சொல்லியிருக்கிறாள், நானும் தலையாட்டியிருக்கிறேன். நான் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், விஷயத்தைக் கேட்கவில்லை. "பக்கத்துல திருகு இருக்கே, அதைத் தினமும் முறுக்கிக்கறேன்" என்றேன். "அவசரத்துக்குத் திறக்கலாம். தினமும் திறந்து மூடினா மரை தேயும், அப்புறம் நீங்க டைவ் போறப்ப தண்ணி புகுந்துடும்" என்றார். டைவ் விஷயம் அங்கே வரைக்கும் போயிருக்கிறது! பிறகு, "ஒரு நாளைக்கு என்னென்ன பண்ணுவீங்க சார்?" என்றார். சொன்னேன். எழுந்திருப்பேன். நாற்காலியில் உட்காருவேன். பேப்பர் படிப்பேன். டி.வி. பார்ப்பேன். முட்டை வேகவைப்பேன். உட்காருவேன். சொல்லி முடித்தபோது எனக்கே இன்னும் ஏதாவது இருக்க வேண்டுமே என்று தோன்றியது, தேடிப் பார்த்தேன், இல்லை. அவர் ரசீதை எடுத்து, 'கடிகாரத்தில் குறை இல்லை. அணிபவர் அசைவதில்லை' என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

நான் என்ன செய்வேன் சொல்லுங்கள். என் தொழிலே அதுதானே. "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க." ஒரு நாளைக்கு நூறு தடவை, முப்பத்துநான்கு வருஷம். அசைந்தால் படம் கலங்கிவிடும். சொல்லிச் சொல்லி எனக்கே அது படிந்துவிட்டது. உங்கள் கல்யாண போட்டோவில்கூட நான் ஒருத்தன்தான் மூச்சுப் பிடித்து நிற்கிறேன், பாருங்கள்.

சரி, அசைத்துத்தான் பார்ப்போம் என்று மறுநாள் காலையில் ஜன்னல் பக்கத்தில் நின்று கையை மேலும் கீழும் ஆட்டினேன். ஒரு நாளைக்கு இருநூறு தடவை என்று வைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் எதிர் மாடிக்காரர் நம் மாடிக்கே ஏறி வந்து அழைப்பு மணியை விடாமல் அழுத்தினார். "என்ன சார், ரெண்டு நாளா எங்க வீட்டம்மாவப் பாத்துக் கை காட்டிட்டே இருக்கீங்களாம்?" என்றார். கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, தகடு, வில், முத்திரை குத்திய ரசீது எல்லாவற்றையும் காட்டினேன். கோபமாக வந்தவர் காதில் வைத்துக் கேட்டார், வளையத்தைச் சுற்றினார், "கெட்டி சாமான் சார்" என்றார். பத்து நிமிஷம் இருந்தார். காப்பி போடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று போய்விட்டார். நல்ல மனிதர். இரண்டு நாள் கழித்து வேண்டுமென்றே மறுபடி ஜன்னலில் நின்று ஆட்டிப் பார்த்தேன், வரவில்லை. இதை அத்தைக்குச் சொல்ல வேண்டாம்.

அப்புறம் கடைப் பெண் ஒரு நாள் போன் பண்ணினாள். "டைவர் சார், வாட்ச் எப்படி இருக்கு?" என்று விசாரித்தாள். பிரமாதம்னு சொன்னேன். நின்னுபோறதச் சொல்லல, பாவம் அந்தப் புள்ளைக்கு எதுக்குச் சங்கடம்? இருபத்தஞ்சு நிமிஷம் பேசினோம், பெரும்பாலும் நான்தான். கடைசியில, "எங்க சேவைக்கு ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு மார்க் குடுப்பீங்க சார்?" என்றாள். பத்து என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அழைப்பே இல்லை. கடைக்கே போய்க் கேட்டேன். "பத்து குடுத்தவங்களத் திரும்பக் கூப்பிட மாட்டோம் சார், குறை சொன்னவங்களத்தான் கூப்பிடுவோம்" என்றாள். நாலு மார்க் குடுத்திருக்கலாம் மாப்பிள்ளை. அனுபவமில்லாம பத்தைத் தூக்கிக் குடுத்துட்டேன்.

இப்போது நான் கண்டுபிடித்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். எந்தெந்த நாள் நின்றது, எந்தெந்த நாள் ஓடியது என்று ஒரு தாளில் குறித்துவைத்தேன், ஆஸ்பத்திரிப் பழக்கம். நிலையத்துக்காரரோடு சண்டை போட்ட மூன்று நாளும் ஓடியிருக்கிறது. எதிர் மாடிக்காரர் வந்த அன்று ஓடியிருக்கிறது. கடைப் பெண் போன் பண்ணிய அன்று நாள் முழுக்க ஓடி மறுநாள் மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடித்திருக்கிறது. என்னடா இது என்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். நான் பேசினால் கை தானாக ஆடுகிறது! இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. பேச ஆள் இல்லாத நாளில் கை மடியிலேயே கிடக்கிறது, தகடு சுற்றுவதில்லை, நின்றுவிடுகிறது, அவ்வளவுதான் சமாசாரம். தங்கள் அத்தை இங்கே இருந்திருந்தால் இது ஒரு நாள்கூட நின்றிருக்காது. குழாயை ஏன் இறுக்கி மூடவில்லை என்பதற்கே எங்களுக்கு அரை மணி நேரம் ஓடும், துண்டை எங்கே போட்டேன் என்பதற்கு இன்னொரு அரை மணி. அவ போட்ட சண்டையில ஒரு கடிகாரம் என்ன, சுவர்க் கடிகாரம், அலாரம் எல்லாமே ஓடியிருக்கும். இதை நான் இயந்திர நுட்பமாக மட்டுமே தெரிவிக்கிறேன். வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது மாப்பிள்ளை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. சில நாள் சாயங்காலம்தான் தெரியும், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்று. குரல் இருக்கிறதா என்று பார்க்க டி.வி.யில் செய்தி வாசிக்கிறவருக்கு வணக்கம் சொல்வேன். அவரும் சொல்கிறார்.

ஆகவே, தங்கள் கேள்விக்கு மீண்டும் உறுதியாகப் பதில் சொல்கிறேன். அத்தை இன்னும் ஒரு வருஷம் அங்கே இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. குழந்தைக்கு அவள் வேண்டும், என் மகள் நிம்மதியாக வேலைக்குப் போக வேண்டும், எனக்கு இங்கே எல்லாம் இருக்கிறது. கடிகாரத்தைப் பற்றி மட்டும் அவள் மனம் கோணாமல் எடுத்துச் சொல்லவும். வேண்டுமென்றால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொல்லவும், வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டாம்.

தங்கள் உத்தியோகம் மேலும் மேலும் உயரவும், என் மகளுக்கு நல்ல மேலதிகாரி வாய்க்கவும், குட்டிக்குப் பல் வலிக்காமல் முளைக்கவும் மனமார வாழ்த்துகிறேன். வீட்டில் உள்ள அனைவருக்கும் என் அன்பு, அத்தைக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
எந்த ஆட்சேபணையும் இல்லாத,
தங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தங்கள் அத்தை. குட்டி தூங்குகிறானாம், அவள் மட்டும் இருந்தாள். இளைத்திருக்கிறாள், தாங்கள் யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. "மாப்பிள்ளை உங்களுக்கு எழுதியிருக்காராமே, என்ன பதில் எழுதினீங்க?" என்றாள். "ஆட்சேபணை இல்லைன்னு எழுதிட்டேன்" என்றேன். நெட் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன். "கேக்குது" என்றாள். அப்புறம் சொன்னாள்: "பதினேழு மாசமா தினமும் பேசறோம். மோட்டார் ரிப்பேர்னு சொன்னீங்க, பேப்பர்காரர் மாறிட்டார்னு சொன்னீங்க. ஒரு நாளாவது வான்னு சொன்னீங்களா? நீங்க வாட்ச் வாங்கினதுல எனக்குக் கோவம் இல்லங்க. நான் இல்லாம வாட்ச் வாங்கற அளவுக்குச் சந்தோஷமா இருக்கீங்களேன்னுதான் பேசல."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். "சாப்டியா?" என்றுதான் வந்தது. அவள் வைத்துவிட்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதிய அத்தனையையும் கிழித்துப் போட்டுவிடவும். எனக்கு ஆட்சேபணை இருக்கிறது. நாலாம் மாதத்திலிருந்தே இருக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடைக்காவிட்டால் அவனையும் சேர்த்தே அனுப்பவும், இரண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம். இந்தத் தாளோடு தாங்கள் நேராக அத்தையிடம் போய், நான் சொன்னதாக ஒரே ஒரு வார்த்தையை வாசித்துக் காட்டவும்: "வா." தங்களுடைய மரியாதையான குரலில் வாசித்தால் நம்ப மாட்டாள். கொஞ்சம் சிடுசிடுப்பாக வாசிக்கவும்.